கடைசிச் சட்டிப் பாணி

அடுத்தவர் உழைப்பில் வள்ளலாக இருப்பதைப் போன்ற சுகம் வேறு கிடையாது. என்னைக் கல்யாணம் முடித்து அமீரகத்து அல் ஐனுக்கு அழைத்து வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் அந்தச் சுகத்தை அனுபவித்து வருகிறார். கையில் எது அகப்பட்டாலும் யாருக்காவது கொடுத்துவிடுவார். தங்கமான மனுஷன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்தத் தங்கத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்.

நாங்கள் இருப்பது ஒரு பழைய வில்லாவின் பின்பகுதி. வில்லாவைப் பிரித்து மூன்று குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். எங்கள் சமையலறைக் கதவைத் திறந்தால் முற்றம். அதில் நாலைந்து பேரீச்ச மரங்கள். கோடையில் நல்ல குலைகளையெல்லாம் வில்லாவின் சொந்தக்காரரான அரபி ஆள் வைத்து வெட்டிக்கொண்டு போய்விடுவார். பிந்திப் பழுக்கும் குலைகளை, வெயிலில் வற்றிச் சுருங்கி மண்ணில் உதிர்கிறவற்றை, யாரும் சீந்த மாட்டார்கள். எறும்பும் குளவியும் மொய்க்கும். வந்த முதல் வருஷம் அதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. சொந்தக்காரரின் மனைவியிடம் கேட்டேன். எடுத்துக்கொள் என்று கையை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து பிந்திய பழம் என்னுடையது.

அந்தப் பழத்தில்தான் பாணி காய்ச்சுவேன். எங்கள் ஊரில் பாகைப் பாணி என்போம். இங்குள்ள அரபிகள் திப்ஸ் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். பழத்தைக் கழுவி, கொட்டை எடுத்து, ஊறவைத்து, குழைய வேகவைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, பிழிந்த சாற்றைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். சொல்லும்போது ஒரு வரியில் முடிகிறது. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பிழிகிறபோது மணிக்கட்டு விட்டுப்போகும். சாறு கொதிக்கிறபோது தெறித்துக் கையைப் பொசுக்கும். கடைசிக் கட்டம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். குமிழ் சிறிசு சிறிசாகப் பொங்கியது போய், பெரிசாகி, சோம்பலாக வெடிக்க ஆரம்பிக்கும். அப்போது சட்டியை விட்டு நகரவே கூடாது. கொஞ்சம் முந்தி இறக்கினால் புட்டிக்குள் புளித்து மூடியைத் தள்ளும். கொஞ்சம் பிந்தினால் அடிப்பிடித்துக் கசக்கும். போன் அடிக்கும், வாசல் மணி அடிக்கும், பாங்கு சொல்லும். கரண்டி நிற்கக் கூடாது.

இந்தக் கரண்டியை என் வீட்டுக்காரர் ஒரு நாளும் பிடித்ததில்லை. ஆனால் பாணியைக் கொடுக்கிற கை அவருடையது. பள்ளிவாசலில் கூடத் தொழுகிற கூட்டாளிக்கு ஒரு புட்டி, பேச்சிலர் ரூம் பையன்களுக்கு ஒரு புட்டி, காரைச் சரிபார்த்துக் கொடுத்த ஒர்க்‌ஷாப்காரருக்குக்கூட ஒரு புட்டி. கொடுக்கும்போது சொல்வார், "நம்ம வீட்டுல காச்சுனது." அந்த 'நம்ம' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஊர் வழக்கம் தெரிந்தால்தான் என் கோபம் புரியும். தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில், இல்லாவிட்டால் அடுத்தடுத்த வீட்டில் இருப்போம். ஊரில் என் வீட்டுக்கு வருகிறபோது இதே மனுஷன் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்டுத்தான் வாங்கிக் குடிப்பார். அடுப்படிப் பக்கம் வர மாட்டார். வந்தால் செருமிக்கொண்டு வருவார். அங்கே அவர் மாப்பிள்ளை. இங்கே விசா அவர் பேரில், வாடகை அவர் பேரில், கரண்ட் அவர் பேரில். என் அடையாள அட்டையில் 'ஹவுஸ் வைஃப்' என்று போட்டிருக்கிறது. விமானம் கடலைத் தாண்டியதும் வீடு கைமாறிவிட்டது. அதை யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை, என்னிடம் கேட்கவும் இல்லை.

எனக்கு ஒரே ஒரு லாத்தா. எங்களுக்குள் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவது. அவள் பஹ்ரைனில், ஈசா டவுனில் இருக்கிறாள். மச்சானுக்கு அங்கே வேலை. அபுதாபியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரம்தான். இதே அபுதாபியின் மேற்குக் கோடியில் இருக்கிற ருவைஸுக்குக் காரில் போவதைவிடச் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அவள் அங்கே போய் இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அவள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அவளும் இங்கே வந்ததில்லை. ஊரில் சந்தித்துக்கொள்ளலாம் என்றால் என் வீட்டுக்காரர் லீவும் மச்சான் லீவும் ஒத்து வராது. நாங்கள் போகும்போது அவள் வீட்டில் பூட்டு தொங்கும், அவள் போகும்போது என் வீட்டில்.

இந்தக் கோடையில் லாத்தாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எனக்குச் செய்தி வந்தது மூன்றாம் மனிதர் வழியாக. மச்சான் போனில் "சாதாரண ஆப்பரேஷன்தான்" என்றார். எடுத்தது அவருடையது இல்லையே, சாதாரணமாகத்தான் இருக்கும். ஊராக இருந்தால் லாத்தா பாயில் படுத்திருக்க, நான் பக்கத்தில் இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்திருப்பேன். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே அடுப்படியில் நின்று மச்சானுக்கு மீன் பொரித்திருக்கிறாள். நான் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நான் ஒரு தடவை போய் லாத்தாவைப் பாத்துட்டு வரட்டுமா?"

"பாக்கலாம்," என்றார்.

எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் கிடையாது என்று அர்த்தம்.

அதற்கப்புறம் ஒரு நாள் லாத்தா போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவே, "வாய்க்கு ஒண்ணும் பிடிக்கல புள்ள. நீ காச்சுவியே அந்தப் பாணி, அது ஈந்தா ரெண்டு ரொட்டி எறங்கும்" என்றாள். எங்கள் லாத்தா எதையும் கேட்கிற ஆள் இல்லை. சின்ன வயதில் பெருநாளுக்கு உடுப்பு எடுத்தால்கூட என்ன நிறம் வேண்டும் என்று சொல்ல மாட்டாள். அப்படிப்பட்டவள் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். உயிர் போனாலும் ஒரு புட்டி அவள் கைக்குப் போயாக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஆனால் இந்த வருஷம் பழம் மோசம். முதலில் காய்ச்சிய புட்டிகளை லாத்தா கேட்பதற்கு முன்னாலேயே வள்ளல் வாரிக் கொடுத்திருந்தார். மிச்சமிருந்தது ஒரே ஒரு குலை. தோட்ட வேலைக்கு வருகிற பங்களாதேஷ் பாய் அதை வெட்டி இறக்கி, "கலாஸ் பாபி, ஓர் மாஃபி" என்று மரத்தைக் காட்டி, தீர்ந்தது, இனிப் பழம் இல்லை எனக் கையை ஆட்டிவிட்டுப் போனார். பாதி வற்றல், பாதி சொத்தை. பொறுக்கி எடுத்ததில் ஒரு சட்டி தேறியது.

பக்கத்து போர்ஷனில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் மகள் அதே பஹ்ரைனில், மனாமாவில். மகளைப் பார்க்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறார் என்று தெரிந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். வளைகுடாவில் இருக்கிற எங்களுக்கெல்லாம் இது ஒரு வியாதி. யாராவது எங்கேயாவது போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், 'ஆள் போகுது' என்று ஆளுக்கொரு பார்சலைத் தூக்கிக்கொண்டு போய் நிற்போம். அக்கா முகம் சுளிக்கவில்லை. "தாங்கோ தங்கச்சி, கொண்டுபோய்க் குடுக்கிறன். ஆறு மணிக்கு டாக்சி வரும், அதுக்குள்ள தந்திடுங்கோ" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே முற்றத்தில் அடுப்பைப் பற்றவைத்தேன். கடைசிப் பழத்தில் சாறு குறைவு, இனிப்பு அதிகம். கண் மூடித் திறப்பதற்குள் அடிப்பிடிக்கும். தீயைக் குறைத்து, கரண்டியை எடுக்காமல் கிண்டினேன். வீட்டுக்காரர் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "நல்ல மணமா ஈக்கிதே" என்றார். "இது லாத்தாவுக்கு. அக்கா கையில குடுத்துவிடுறேன்," என்றேன். தெளிவாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பியது என் புத்தி.

நான் காய்ச்சியதிலேயே அதுதான் நல்ல பாணி. கன்னங்கரேலென்று, கரண்டியிலிருந்து பட்டையாக இறங்கியது. ஒரு புட்டி நிறைந்தது. சட்டியில் ஒட்டியதை வழித்து, பெரிய கிளாஸ் படிக்கிற என் மகள் வாயில் வைத்தேன். புட்டியை ஆற வைத்து மூடி, சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் படுத்தேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு எழுந்தேன். உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. குளித்து, தொழுது, புட்டியைத் துண்டில் சுற்றலாம் என்று போனால் ஜன்னல் வெறுமையாக இருக்கிறது.

மகள் எடுத்திருப்பாள் என்று அவளைக் கேட்டேன். இல்லை என்றாள். ஃபிரிட்ஜில் பார்த்தேன். அலமாரியில் பார்த்தேன். அப்போது வாசலில் கார் வந்து நின்றது. சாவியைச் சுழற்றிக்கொண்டு, சிரித்த முகத்தோடு வந்தார்.

"மேனேஜர் வீடு வரைக்கும் போனேன். அந்தப் பாணியக் குடுத்துட்டு வாறேன். போன வருஷமே ரொம்பப் புகழ்ந்தாரு."

"அது லாத்தாவுக்குன்னு காலையில சொன்னேனே. உங்க காதுல என்ன வச்சிருந்திய?"

"மறந்துட்டேன். அதுக்கு ஏன் இப்புடிச் சத்தம் போடுறே? அடுத்த தடவை காச்சுறப்போ அனுப்பிக்கிடலாம்."

"மரத்துல பழம் எங்கன ஈக்கிது? போய்ப் பாருங்க. ஒண்ணு ஈந்தா காட்டுங்க."

"அப்ப அடுத்த வருஷம் அனுப்பு. என்ன முழுகிப் போச்சு?"

என்ன முழுகிப் போச்சாம். வயிற்றைக் கிழித்துக்கொண்டு ஒருத்தி அங்கே கிடக்கிறாள், இவருக்கு அடுத்த வருஷமாம். நான் பர்தாவை எடுத்துப் போட்டேன். "எங்க போறே?" என்றார். "மேனேஜர் வீட்டுக்கு," என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எங்கள் ஆட்களிடம் கேள்விப்படாத விஷயம். அதற்குப் பயந்து, கல்யாணம் முறிந்தால் பெண்ணுக்குப் போட்ட நகையைக்கூட விட்டுவிடுவோம். "மானத்த வாங்காத. நான் நாளைக்கு அவர் மொகத்துல எப்புடி முழிப்பேன்?" என்று கதவருகில் வந்து நின்றார். "கண்ணாலதான் முழிப்பிய. நகருங்க," என்றேன். நகர்ந்தார்.

டாக்சி பிடித்தேன். மேனேஜர் வீடு ஊரின் மறுகோடியில். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நின்றபோது இறங்கி ஓடலாம்போல் இருந்தது. கதவைத் திறந்தது மேனேஜரின் மனைவி. சென்னைக்காரம்மா. பார்த்திருக்கிறேன், பழக்கமில்லை. உட்காருங்க என்றார். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன், "மன்னிச்சுக்குங்க. என் வீட்டுக்காரர் இப்பக் கொண்டுவந்து குடுத்த புட்டி எங்க அக்காவுக்காகக் காய்ச்சுனது. தெரியாமக் குடுத்துட்டாங்க. எனக்கு அது திரும்ப வேணும்."

அந்தம்மா ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு, "உள்ள வாங்க" என்று சமையலறைக்கே அழைத்துப் போனார். என் புட்டி மேடையில் இருந்தது. அவர் மேல் அலமாரியைத் திறந்தார். அங்கே என் கையால் மூடி, டேப் ஒட்டிய புட்டிகள் வரிசையாக நின்றன. போன வருஷத்தது, அதற்கு முந்தினது. ஒன்றில்கூட டேப் பிரிக்கப்படவில்லை.

"தப்பா நினைக்காதீங்க," என்றார். "எங்க வீட்டுக்காரருக்கு ஷுகர். எனக்கும் இருக்கு. வேண்டாம்னு சொன்னா உங்க வீட்டுக்காரர் மனசு கஷ்டப்படுவாருன்னு இவர் வாங்கி வாங்கி வச்சுட்டார். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறீங்களா?"

யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்தம்மா மேல் தப்பில்லை. நாகரிகமாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேண்டாதவருக்கு வருஷா வருஷம் கொடுக்கிறவர் ஒருவர், வேண்டும் என்று ஏங்குகிறவள் ஒருத்தி, நடுவில் கையைச் சுட்டுக்கொண்டு நான். பழைய புட்டிகள் அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டேன். லாத்தாவின் புட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். வாசல் வரை வந்து, "உங்க அக்கா சீக்கிரம் குணமாகட்டும்" என்றார். நான் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லவே இல்லை. என் முகத்தில் எழுதியிருந்தது போல.

திரும்பி வரும் வழியிலேயே யாழ்ப்பாணத்து அக்கா போன் செய்தார். "இனியும் நிண்டால் பிளேனை விட்டிடுவன் தங்கச்சி. குறை நினைக்காதேங்கோ." நான் வீட்டுக்கு வந்தபோது அவர் போர்ஷனில் விளக்கு இல்லை. முற்றத்தில் காலையில் எரித்த அடுப்பும் கழுவாத சட்டியும் கிடந்தன. புட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அந்தச் சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

வீட்டுக்காரர் வெளியே வந்தார். என் அழுகையைப் பார்த்துக் குரல் இறங்கியது. "சரி விடு. எல்லாம் கேவலப்பட்டாச்சு. புட்டிதான் கெடச்சிட்டே. அடுத்தாப்புல ஆரும் ஆள் போவாங்க, குடுத்துவிடுவோம்."

"ஆள் ஈக்கிது," என்றேன்.

"ஆரு?"

"நான்தான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். லீவு என்றார், விசா என்றார், தனியாக எப்படி என்றார். எல்லாவற்றுக்கும் உள்ளேயிருந்து மகள் பதில் சொன்னாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "வாப்பா, இட்ஸ் ஆல் ஆன்லைன். உம்மா, யூ ஜஸ்ட் கோ" என்றாள். பிள்ளைக்குத் தமிழ் சரியாக வராது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. மூன்றாம் நாள் என் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு டூட்டிக்குப் போனார். நன்றி சொல்லத் தோன்றவில்லை. என் பாஸ்போர்ட்தானே.

லாத்தாவுக்குச் சொல்லாமல் போனேன். ஈசா டவுனில் டாக்சியிலிருந்து இறங்கி, விலாசத்தைக் காட்டிக் கேட்டு, மாடியேறிப் போய் மணியை அடித்தேன். கதவைத் திறந்தாள். பாதியாகக் கரைந்துபோயிருந்தாள். ஒரு கை கதவைப் பிடித்திருந்தது, மறு கை அடிவயிற்றைத் தாங்கியிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தாள். என்னோடு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும்தான் முகம் மலர்ந்தது. கட்டிப் பிடித்தேன். எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது.

சமையலறையில் தண்ணீர் மெஷினில் பெரிய கேன் கவிழ்த்து வைத்திருந்தது. "இத ஆரு தூக்கி வச்சது?" என்றேன். "மச்சான் டூட்டிக்குப் போயிட்டா ஆரு ஈக்கிறா?" என்றாள். எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. அவளைப் போய் உட்காரச் சொல்லிவிட்டு, துண்டைப் பிரித்துப் புட்டியை எடுத்தேன். சொட்டுச் சிந்தாமல் வந்திருந்தது. வைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன்.

உள்ளே ஒரு திப்ஸ் புட்டி இருந்தது. கடையில் வாங்கியது. முக்கால்வாசி தீர்ந்திருந்தது. மூடியில் புதுசாக வழிந்த பாணி.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன். "லாத்தா, இது என்னது?"

"திப்ஸு. இங்கன எல்லாக் கடையிலயும் கெடைக்கும். தெனமும் ரொட்டிக்கு இதுதான்."

"பொறவு எதுக்கு என்கிட்ட பாணி வேணும்னே? அதுக்காக அங்க என்ன பாடு பட்டேன் தெரியுமா? ஆரு வீட்டு வாசல்ல போயி நின்னேன் தெரியுமா?"

நான் விடவில்லை. என் ஆத்திரமெல்லாம் இப்போது அவள்மேல் திரும்பியிருந்தது. "ஒரு தடவை வா புள்ளன்னு வாயத் தொறந்து சொன்னா என்ன? நான் வர மாட்டேனா?"

லாத்தா என் கையிலிருந்த புட்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"பாணிக்கு நீ ஆருகிட்டயும் கேக்க வேண்டாம். வான்னு சொன்னா, அவங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் லாத்தான்னு சொல்லுவே," என்றாள். "அந்தச் சொல்லக் காதால கேக்குற தெம்பு எனக்கு இல்ல புள்ள."